கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் ஆஃப்லைன்: கோளாறு பிரிண்டரில் இல்லை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார். வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கீழே ஹாலில் கேபிள்காரர் வைத்துப் போன ஃபைபர் பெட்டி, மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று அங்கே சொந்தமாக ஒரு ரவுட்டர். முதல் நாள் லேப்டாப், போன் இரண்டிலும் பிரிண்ட் வந்தது. அதற்குப் பிறகு கரண்ட் போய் வந்தாலே லேப்டாப்பில் ஆஃப்லைன் என்று காட்டுகிறது, போனில் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. ஆள் வந்து சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் ஒரு வாரம் ஓடுகிறது, அப்புறம் பழைய கதை. பிரிண்டரை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள் டீச்சர். நீங்கள் சொன்னதில் பிரிண்டர் கெட்டுப்போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. வந்து பார்த்த ஆளையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வரும்போது கரண்ட் இருக்கிறது, ரவுட்டர் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் சாஃப்ட்வேரை மறுபடி போட்டால் வேலை செய்யத்தான் செய்யும். வீட்டு வைஃபை பிரிண்டர் விஷயத்தில் எல்லோரும் பிரிண்டரில் ஆரம்பிக்கிறார்கள், ஆரம்பிக்க வேண்டிய இடம் ரவுட்டர். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் பிரிண்டரின் மூடியைக்கூடத் திறக்காமல் சரி செய்தவைதான்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆஸ்பத்திரியில் ஓபி டோக்கன் கொடுப்பது மாதிரி, ரவுட்டர் தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் கொடுக்கிறது. அதுதான் ஐபி அட்ரஸ். நேற்று பிரிண்டர் ஐந்தாவதாக வந்தது, டோக்கன் 5. இன்று கரண்ட் போய் வந்ததும் போன், டிவி எல்லாம் முந்திக்கொண்டன, பிரிண்டருக்கு டோக்கன் 12. இதை லேப்டாப்பிடம் யாரும் சொல்வதில்லை. அது நேற்றைய 5-ஐ மனப்பாடமாக வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை, ஆஃப்லைன் என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. சாஃப்ட்வேரை மறுபடி போடும்போது 12-ஐப் புதிதாக மனப்பாடம் செய்கிறது. அடுத்த கரண்ட் கட் வரை நல்லபடியாக ஓடும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கரண்ட் வந்ததும் பிரிண்டரைப் போட்டால் அது அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து லைன் பிடித்து வைஃபை பரப்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் பிரிண்டர் தேடித் தேடிக் களைத்துப்போய், டோக்கன் கொடுக்க ஆள் இல்லாததால் தானே ஒரு நம்பரைப் போட்டுக்கொள்வதும் உண்டு. 169.254 என்று தொடங்கும் நம்பரைப் பார்த்தால் அதுதான் கதை. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ரவுட்டர் முழுதாக எழுந்த பிறகு பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்துப் போடுவது.

உங்கள் வீட்டில் இதற்கு மேல் இரண்டாவது சிக்கலும் இருக்கிறது, கீழே ஒரு பெட்டி, மாடியில் ஒரு ரவுட்டர். அதை நான் என் மாமா வீட்டில்தான் நேரில் படித்தேன். எருத்தேம்பதியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டார்: "மாப்ளே, பிரிண்டரு கண்ணு முன்னால இருக்குது, லைட்டு எரியுது, இந்தக் கம்ப்யூட்டரு மட்டும் அது இல்லைங்குது. வந்து என்னன்னு பாரு." போனேன். பிரிண்டரின் மேலே இருந்த பட்டனை அழுத்தி நெட்வொர்க் நிலவரத் தாளை அடித்து எடுத்தேன். இந்தத் தாள் பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களில் உண்டு, எந்தப் பட்டனை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்பதுதான் மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். தாளில் ஐபி அட்ரஸ் 192.168.1.34. லேப்டாப்பில் பார்த்தால் 192.168.0.102. மூன்றாவது இடத்தில் ஒன்றில் 1, இன்னொன்றில் 0. அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது.

மாமாவுக்கு நான் சொன்னது: "ரெண்டும் ஒரே வைஃபை மாதிரி தெரியுது மாமா, ஆனா நடுவுல கொரோனா காலத்து செக்போஸ்ட் இருக்குது." கேபிள்காரர் பெட்டி தனி டோக்கன் கவுண்டர், மாடி ரவுட்டர் தனி டோக்கன் கவுண்டர். அதாவது இரண்டு தனித்தனி நெட்வொர்க். மாடி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் லேப்டாப், நம்பர் சரியாகத் தெரிந்தால் கீழே உள்ள பிரிண்டரைத் தொட முடியும். ஆனால் 'பக்கத்தில் பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கூவித் தேடினால் அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. கீழே இருந்து மாடிக்கோ நம்பர் தெரிந்தாலும் ஏற முடியாது. உங்கள் போனில் 'சில நேரம் வருகிறது' என்பதற்கு அர்த்தம் இதுதான்: நீங்கள் ஹாலில் இருக்கும்போது போன் கீழ்ப் பெட்டியைப் பிடிக்கிறது, மாடிப்படி ஏறியதும் மேல் ரவுட்டருக்குத் தாவிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் தாவியது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சரி, தீர்வு. நல்ல வழி, மாடி ரவுட்டருக்கு ரவுட்டர் வேலையில் இருந்து ஓய்வு கொடுத்து, வைஃபையைப் பரப்ப மட்டும் செய்யும் வெறும் அக்ஸஸ் பாயிண்ட் ஆக்குவது. இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்களில் ஆபரேஷன் மோட் என்று ஒரு மெனு இருக்கும், அதில் அக்ஸஸ் பாயிண்ட் மோட் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் தானே மாறி மறுபடி எழும். பழைய ரவுட்டரில் அந்த மெனு இல்லையென்றால் கையால் செய்யலாம்: அதன் சொந்த ஐபியை 192.168.1.2 என்பது போல, கீழ்ப் பெட்டியின் வரிசையிலேயே யாரும் எடுக்காத நம்பராக மாற்றுங்கள், டிஹெச்சிபி என்று இருப்பதை (டோக்கன் கொடுக்கும் வேலை அதுதான்) நிறுத்துங்கள், கீழே இருந்து வரும் கேபிளை வான் (WAN) என்று எழுதிய தனி ஓட்டையில் இருந்து உருவி சாதாரண லான் (LAN) ஓட்டைகளில் ஒன்றில் சொருகுங்கள். இந்த மூன்றில் ஒன்றை விட்டால்கூட அரைகுறையாகிவிடும், டிஹெச்சிபியை நிறுத்த மறந்தால் ஒரே வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுக்க ஆரம்பிப்பார்கள், அது முன்னைவிட மோசம். முடிந்ததும் மாடி, கீழ் எல்லாம் ஒரே நெட்வொர்க்.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம். அப்புறம் பிரிண்டருக்கு நிரந்தர நம்பர் கொடுக்கும் வேலையைக் கீழ்ப் பெட்டியில் செய்ய வேண்டியிருக்கும், பல இடங்களில் கேபிள்காரர் அந்தப் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டைத் தருவதில்லை. கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் தலைகீழாகச் செய்யுங்கள்: மாடி ரவுட்டரை ரவுட்டராகவே விட்டுவிட்டு, கீழ்ப் பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள், பிரிண்டர், லேப்டாப், போன், டிவி எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டரில் சேருங்கள், முடிந்தால் அந்த ரவுட்டரை மாடிப்படி திரும்பும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இணையத்துக்குப் போகும் வழியில் இரண்டு கதவு இருக்கும், அதனால் பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது. எல்லோரும் ஒரே கவுண்டரில் டோக்கன் வாங்கினால் போதும். மாமா வீட்டில் நான் செய்தது இந்த இரண்டாவது வழிதான்.

இப்போது நிரந்தர நம்பர். ரவுட்டருக்குள் போக உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள், சரியான நம்பர் ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். டிஹெச்சிபி பகுதிக்குள் அட்ரஸ் ரிசர்வேஷன் அல்லது ஸ்டாட்டிக் லீஸ் என்று ஒன்று உண்டு. அங்கே பிரிண்டரின் மேக் அட்ரஸை (கருவிக்குக் கம்பெனியே போட்டு அனுப்பும் அடையாளக் குறி) கொடுத்து, இன்ன நம்பர் இவருக்கே என்று எழுதி வைத்துவிடலாம். மேக் அட்ரஸ் அந்த நெட்வொர்க் நிலவரத் தாளிலேயே இருக்கும், இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு எழுத்தும் எண்ணும். நான் வழக்கமாக 50 என்று முடியும் நம்பரைக் கொடுப்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது. சேமித்துவிட்டு பிரிண்டரை அணைத்துப் போட்டு மறுபடி அந்தத் தாளை அடித்துப் பாருங்கள், 192.168.0.50 (உங்கள் வரிசை 192.168.1 என்றால் 192.168.1.50) என்று வந்தால் பாதி வேலை முடிந்தது. சிலர் பிரிண்டரின் மெனுவிலேயே நம்பரை அழுத்தமாக எழுதிவிடுவார்கள். அதுவும் ஓடும், ஆனால் ரவுட்டருக்கு அது தெரியாது, அதே நம்பரை ஒருநாள் டிவிக்குக் கொடுத்து இரண்டையும் மோதவிடும். ரவுட்டரில் எழுதுவதே மேல்.

பிரிண்டரை வைஃபையில் சேர்ப்பதிலேயே சிலருக்கு நின்றுவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு பிரிண்டர்களில் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் பிடிப்பவை, 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. உடனே போனையும் 2.4-க்கு மாற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு, தேவையில்லை, ஒரே ரவுட்டரில் போன் 5-லும் பிரிண்டர் 2.4-லும் இருந்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்தான். சேர்க்கும் அந்தச் சில நிமிடம் மட்டும் சில ஆப்கள் தடுமாறும், அப்போது ரவுட்டரில் 5-ஐ அணைத்து வைத்து, சேர்ந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு முறை டபிள்யுபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது, டபிள்யுபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று வையுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் பிரிண்டரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. அதே தடை சில ரவுட்டர்களில் ஏபி ஐசோலேஷன் என்ற பெயரில் முக்கிய வைஃபையிலும் போடப்பட்டிருக்கும், நெட் ஓடும், பிரிண்டர் மட்டும் தெரியாது.

பிரிண்டரில் திரை இல்லையென்றால் டபிள்யுபிஎஸ் பட்டன் சுலபம். ரவுட்டரில் ஒரு அழுத்து, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரில் ஒரு அழுத்து, பாஸ்வேர்டே வேண்டாம். சேர்ந்த பிறகு டபிள்யுபிஎஸ்ஸை ரவுட்டரில் அணைத்துவிடுங்கள், அதில் உள்ள பின் (PIN) நம்பர் முறை பலவீனமானது என்பது பழைய விஷயம். பட்டனும் இல்லை என்றால் யுஎஸ்பி கேபிளை ஒருதரம் லேப்டாப்பில் மாட்டி, கம்பெனி சாஃப்ட்வேர் வழியாக வைஃபை பாஸ்வேர்டை பிரிண்டருக்குள் அனுப்பிவிட்டு கேபிளைக் கழற்றலாம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் இந்த வழியைத்தான் எடுப்பேன், ஆப் கேட்கும் அக்கவுண்ட், லொக்கேஷன் அனுமதி, ஓடிபி எதுவும் இல்லை.

லேப்டாப் பக்கம் வருவோம். கம்பெனி சாஃப்ட்வேர் போட்டாலும், விண்டோஸ் தானே கண்டுபிடித்துச் சேர்த்தாலும், பல நேரம் பிரிண்டரை டபிள்யுஎஸ்டி என்ற போர்ட்டில் கட்டி வைக்கும். தேடிக் கண்டுபிடிக்கும் முறை அது, ஒரு நாள் கண்டுபிடிக்கும், மறுநாள் கோட்டை விடும். நம்பரை நிரந்தரமாக்கிவிட்டோம் அல்லவா, இனி நேராக நம்பரைக் கொடுத்தே கட்டலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸுக்குள் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், ஆட் டிவைஸ் அழுத்திச் சற்றுப் பொறுத்தால், நான் தேடும் பிரிண்டர் இதில் இல்லை என்ற பொருளில் ஒரு வரியும் பக்கத்தில் ஆட் மேனுவலி என்பதும் வரும். அதில் ஐபி அட்ரஸ் மூலம் சேர்ப்பது என்பதைத் தேர்ந்தெடுங்கள், டிவைஸ் டைப் இடத்தில் டிசிபி ஐபி டிவைஸ் என்று மாற்றுங்கள், 192.168.0.50 என்று அடியுங்கள். டிரைவர் கேட்டால் ஏற்கெனவே உள்ளதையே வைத்துக்கொள் என்று சொல்லுங்கள்.

முடிந்த பிறகு இன்னும் ஒரு இடம், இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். அந்த பிரிண்டரின் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து போர்ட்ஸ் பக்கம் போய், கான்ஃபிகர் போர்ட் அழுத்துங்கள். கீழே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட் என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்த வழியாக அடிக்கடி 'இருக்கிறாயா' என்று விசாரிக்கிறது, வீட்டு பிரிண்டர்களில் பல அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவை, பதில் வராததால் நன்றாக இருக்கும் பிரிண்டரையே ஆஃப்லைன் என்று எழுதிவிடும். நம்பர் சரியாக இருந்தும் ஆஃப்லைன் காட்டினால் நான் முதலில் தேடுவது இந்த டிக்கைத்தான். பழைய காப்பி பிரிண்டர்கள், பெயருக்குப் பின்னால் 'காப்பி 1', 'காப்பி 2' என்று நிற்பவை, எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் செத்துப்போன ஒன்றுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பீர்கள். ஸ்கேன் இந்த போர்ட் வழியாக வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குக் கம்பெனியின் ஸ்கேன் ஆப் தனியாக வேண்டும், அதிலும் நம்பரைக் கையால் கொடுக்கும் இடம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் யாராவது கோயம்புத்தூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தால், அந்த ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும்போது வீட்டு பிரிண்டர் தெரியாமல் போகலாம். அது கோளாறு இல்லை, ஆபீஸ் போட்ட தடை. விபிஎன்னை நிறுத்திவிட்டு அடிப்பது, முடியாவிட்டால் ஃபைலை போனுக்கு அனுப்பி அங்கிருந்து அடிப்பது.

போனில் கம்பெனி ஆப் அவசியமே இல்லை. ஐபோனில் ஏர்பிரிண்ட் 2010-லேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு பக்கம் 2013-ல் கேனான், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து மாப்ரியா என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள், அதன் பலனாக இப்போது போனிலேயே டீஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ் இருக்கிறது. செட்டிங்ஸில் பிரிண்டிங் என்று தேடி அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால் பிடிஎஃப்பைத் திறந்து மெனுவில் பிரிண்ட் அழுத்தினால் பிரிண்டர் பெயர் வரும். வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலாக இருந்தால் வாட்ஸ்அப்புக்குள்ளேயே தேடாதீர்கள், வேறு பிடிஎஃப் ஆப்பில் திறந்து அங்கிருந்து கொடுங்கள். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ பழைய பிரிண்டர் இருந்து, அதன் பெட்டியில் கூகுள் கிளவுட் பிரிண்ட் என்று போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம், அந்தச் சேவை 2020 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டது.

நீங்கள் டீச்சர் என்பதால் இது கட்டாயம் உதவும். பள்ளிக்கூட லேப்டாப்பில் கேரளப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் விஷயங்களைப் பார்க்கும் அரசு நிறுவனமான கைட் கொடுத்த குனு லினக்ஸ் இருக்குமே, அதில் இந்த பிரிண்டர் வராது என்று நினைத்து அக்ஷயா இ-சேவை மையத்துக்கு பென் டிரைவோடு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரும். உள்ளே இருப்பது உபுண்டு, அதில் கப்ஸ் என்ற அச்சு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஏர்பிரிண்ட் ஆதரிக்கும் எந்த பிரிண்டரையும் அது டிரைவரே இல்லாமல் பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பை வீட்டு வைஃபையில் சேர்த்து, செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பக்கத்தைத் திறந்து ஒரு நிமிடம் காத்திருங்கள், சில நேரம் நீங்கள் ஒன்றும் அழுத்தாமலேயே வந்து நிற்கும். விண்டோஸை விட இதில் எனக்குத் தொல்லை குறைவு.

கேள்வித்தாள் விஷயத்தில் ஒரு இடறல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் ஃபைலை போனுக்கு அனுப்பி அங்கிருந்து பிரிண்ட் கொடுத்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று அதற்கும் போன் வரும்! அடித்த கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு உள்ளேயே கூட வந்துவிடும். மலையாளத்தில் பழைய எழுத்துருவில் வரும் சுற்றறிக்கைக்கும் இதே மருந்து.

இனி கரண்ட். ஐப்பசி இடிமழைக் காலத்தில் நம் பக்கம் ஒரு சாயங்காலத்துக்கு நாலு தரம் போய் வரும். ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள், இல்லை என்றால் 12 வோல்ட் சின்ன ரவுட்டர் யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் எழுதிய வோல்ட்டும் ஆம்பியரும் அதோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவை அணையாவிட்டால் டோக்கன் குழப்பமே பாதி எழாது. இங்க் டேங்க் பிரிண்டரையும் இன்வெர்ட்டரில் போடலாம், அச்சடிக்கும்போதுகூட ஒரு எல்இடி பல்பு சமாச்சாரம்தான். ஆனால் லேசர் பிரிண்டரைப் போடாதீர்கள், பொடியை உருக்கி ஒட்டவைக்க அதன் உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது சூடேறும் நொடியில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு அணைந்துவிடும்.

அணைப்பது எப்போதும் பிரிண்டரின் சொந்தப் பட்டனில். சுவரில் ஸ்விட்சைப் பட்டென்று தட்டினால் இங்க் தலை ஓரத்துக்குப் போய் மூடிக்கொள்ள நேரம் கிடைக்காது, திறந்தபடியே நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மார்ச் ஏப்ரல் வெயிலும் சேர்ந்து அடிக்கும் நம் ஊரில் அந்த நுண்துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது சுத்தம் செய்கிறேன் என்று ஒவ்வொரு தரமும் இங்க்கைக் கொட்டும், கொட்டிய இங்க் உள்ளே ஒரு பஞ்சில் சேர்ந்து, அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று ஒருநாள் பிரிண்டரே நின்றுவிடும். கோடை விடுமுறையில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது, இரண்டு மாதம் யாரும் தொடுவதில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம், நாலு கலரும் வருகிற மாதிரி, ஏதாவது ஒரு படத்தை அடியுங்கள். பின்பக்கம் பேப்பர் சொருகும் வாயை ஒரு துணி போட்டு மூடி வையுங்கள். என் சொந்த பிரிண்டர் பேப்பர் இழுக்காமல் அடம் பிடித்தபோது ஒரு மணி நேரம் செட்டிங்ஸை நோண்டிவிட்டு, கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், ரோலருக்குப் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டை.

வைக்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் பக்கத்தில், மைக்ரோவேவ் மேல் வேண்டாம். மற்றபடி ஒரு சுவர் இரண்டு சுவர் தாண்டினால் ஒன்றும் ஆகாது, பிரிண்ட் ஃபைலுக்குப் பெரிய வேகம் தேவையில்லை.

வேறு யாராவது இதைப் படித்துவிட்டுப் புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். எப்போதும் இன்டர்நெட்டோடு இணைந்திருந்தால்தான் ஓடும், கம்பெனி இங்க் மட்டும்தான் ஏற்கும் என்ற நிபந்தனையோடு வரும் மாடல்கள் இருக்கின்றன. நெட் அடிக்கடி போகும் ஊருக்கு அது ஒத்துவராது. வீட்டில் ஏற்கெனவே கேனான் எல்பிபி 2900, ஹெச்பி 1020 போன்ற பழைய கறுப்பு வெள்ளை லேசர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அவற்றில் வைஃபை இல்லை, இருந்தாலும் எப்போதும் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் மாட்டி ஷேர் செய்துகொண்டால் வீட்டுக்கே அது போதும்.

கடைசியாக, எல்லாம் கைவிட்ட ராத்திரிக்கு ஒரு வழி. நாளைக் காலை கேள்வித்தாள் வேண்டும், ரவுட்டர் செத்துவிட்டது என்று வையுங்கள். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களில் வைஃபை டைரக்ட் என்று ஒன்று உண்டு, அதை இயக்கினால் பிரிண்டரே ஒரு குட்டி வைஃபையைப் பரப்பும், பெயர் 'டைரக்ட்' என்று தொடங்கும், பாஸ்வேர்டு அந்த நிலவரத் தாளில் இருக்கும். போனை அதில் சேருங்கள். சேர்ந்ததும் போன், இதில் இன்டர்நெட் இல்லையே, விட்டுவிடட்டுமா என்று கேட்கும், வேண்டாம், இதிலேயே இரு என்று சொல்லுங்கள், மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் போன் நைசாக டேட்டாவுக்குத் தாவி பிரிண்டரைக் காணோம் என்று சொல்லும். அச்சடித்து முடிந்ததும் டேட்டாவைத் திரும்பப் போட மறக்காதீர்கள். மாமா மறந்துவிட்டு, மறுநாள் விடிகாலையில் வாட்ஸ்அப் வரவில்லை என்று என் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டார்.